அஞ்சு விரலும் ஒரு விரலும்

போன வாரம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. கோயமுத்தூரில் இருக்கிற மகன் முழங்காலுக்கு மாட்டுகிற பட்டை அனுப்பியிருந்தான். இன்றைக்கு வரும் என்று காலையிலேயே செல்போனில் செய்தி வந்துவிட்டது. வாசலை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். குளிக்கப் போகலாமா என்று எழுந்திருப்பேன், அந்த நேரம் பார்த்து வந்துட்டா என்ன பண்ண என்று மறுபடி உட்காருவேன். தெருவில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் தலையை நீட்டிப் பார்த்தேன். மூன்று மணி வாக்கில் ஒருத்தர் வந்தார். தலைக்கவசத்தைக் கூடக் கழற்றவில்லை. "நாலு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் பேர் என்ன என்று கேட்கவே இல்லை.

ராஜபாளையத்தில் ஒரு பார்சல் ஆபீசில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவள் நான். எங்கள் காலத்தில் பேரைக் கேட்காமல் ஒரு பொட்டலம் கை மாறாது. அந்த ஆபீஸ் இப்போது பெரிய கட்டடத்துக்கு மாறப் போகிறது. அதற்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள், நீங்களும் எழுதிக் கொடுங்கம்மா என்று அங்கே இருக்கிற செல்வி போனில் கேட்டாள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை. படித்ததும் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். எழுதுவது என்றால் யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை, அதனால் சரி என்றேன்.

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பொறவு கூட்டித் துடைக்கிற வேலைக்குத்தான் அங்கே சேர்ந்தேன். ஒரு வருஷம் விளக்குமாறும் வாளியுமாக இருந்தேன். ஒரு நாள் மேனேஜர் வெங்கடேசன் சார் என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு எண் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். பார்சல் மேலே இங்கிலீஷில் என்ன எழுதியிருந்தாலும் பார்க்க வேண்டாம், பின்கோடில் கடைசி மூன்று எண்ணை மட்டும் பாருங்கள், நூற்றுப் பதினேழு என்றால் ராஜபாளையம், நூற்று இருபத்தஞ்சு என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று சொல்லிக் கொடுத்தார். வத்திராயிருப்பு, செட்டியார்பட்டி, சேத்தூர் எல்லாம் ஒரு மாசத்தில் கைக்கு வந்துவிட்டது. அம்புட்டுத்தான் நான் படித்த படிப்பு.

வெங்கடேசன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. எங்களிடம் பேசுவது நிறுத்தி நிறுத்தித் தமிழ். கூட்டுகிற எனக்கும் "நீங்க"தான், டெம்போ டிரைவருக்கும் "நீங்க"தான். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேஜையில் கிடக்கிற தாள்களை எடுத்து, நாலு ஓரமும் ஒன்று போல வரும்வரை மேஜையில் தட்டிக்கொண்டே இருப்பார். அந்தத் தட்டு கேட்டால் பார்சல் கொண்டுபோகிற ஆட்கள் எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

போனில் பேசிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனதும் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நான் மாட்டேன் என்றேன். முன்னப்பின்னே தெரியாதவர்களிடம் என்ன பேச. அவர் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்து, இதைப் பார்த்து அப்படியே வாசித்தால் போதும் என்றார். "வணக்கம். பார்சல் ஆபீசிலிருந்து பேசுகிறோம். இங்கே நிறுத்தவும். உங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது. வீட்டில் ஆள் இருப்பார்களா?" முதல் போனில் நான் இங்கே நிறுத்தவும் என்பதையும் சேர்த்து வாசித்துவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர், "எதைத் தாயி நிறுத்தணும்?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் சாக்கு அடுக்குகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன். சார் வந்து அந்த இரண்டு சொல்லை மட்டும் பேனாவால் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

போன் கைக்கு வந்த பொறவுதான் காத்திருக்கிறவர்கள் பாடு எனக்குத் தெரிந்தது. அதுவரை பார்சல் என்றால் எனக்கு எண்ணும் எடையும்தான். சேத்தூரில் ஒரு அம்மா, "காலையிலருந்து கக்கூசுக்குக் கூடப் போகல தாயி, நான் போற நேரமாப் பாத்து ஒங்க ஆளு வந்துட்டா?" என்பார். செட்டியார்பட்டியில் ஒரு வாத்தியார், "ஒங்க பார்சல் மாட்டு வண்டியிலயா வருது?" என்பார். "இல்லைங்க, டெம்போவில வருது" என்று நான் உள்ளதைச் சொல்வேன். அவர் சிரித்துவிடுவார். எதற்குச் சிரித்தார் என்று எனக்குப் பொறவுதான் விளங்கும். ஒருத்தர் வேலைக்கு லீவு போட்டு உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் பார்த்தால் எங்கள் ஆள் கொண்டுவருகிற தாளில் "வீடு பூட்டு" என்று எழுதியிருக்கும். எங்கள் ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எண்பது பார்சலை மூட்டையாகக் கட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் தெருத்தெருவாக அலைகிறவர்கள். ஆனாலும் சில நாள் போகாத வீட்டுக்கும் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும், சாருக்கும் தெரியும்.

பேர் கேட்கிற விதி எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் ராஜா என்று முடிகிற பேர் தெருவுக்குப் பத்து இருக்கும். ஒரு முறை எங்கள் ஆள் ஒரு வீட்டு முன்னால் நின்று, "சுப்பிரமணிய ராஜாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவரும் ஆமாம் என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அவர் பேரும் அதுதான், பொய் சொல்லவில்லை. பார்சலோ அடுத்த தெரு சுப்பிரமணிய ராஜாவுக்கு வந்த தண்ணி மோட்டார். திருப்பி வாங்குவதற்குள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அன்றைக்கு சார் தாளைத் தட்டிய தட்டு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் பலகையில் எழுதிவிட்டார்: "பேரை நாம் சொல்லக் கூடாது. வாங்குகிறவர் வீட்டு ஆள்தான் முழுப் பேரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடையாள அட்டை பார்க்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கொடுக்கக் கூடாது." நல்ல விதிதான். அதற்குப் பொறவு ஒரு பார்சல்கூடத் தப்பான கைக்குப் போகவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகிற பால்பாண்டி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மூன்று பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் அவர் இருந்தால் ஆபீஸ் கலகலவென்று இருக்கும்.

"சார், இன்னிக்கு ஒரு கூத்து" என்று ஆரம்பித்தார். "ஒரு வீட்டுல ஒரு அம்மா. யார் பேர்ல பார்சல் வருதுன்னு கேக்கேன், பதிலே இல்ல. பொறவு, 'எங்க வீட்ல அவிய பேருக்குத்தான்'ங்குது. அவிய பேரு என்னம்மான்னா, 'திருச்செந்தூர்ல இருக்காருல்லா, அந்தச் சாமி பேரு'ங்குது."

"முருகன்னு சொல்ல வேண்டியதுதானே" என்றார் டெம்போ டிரைவர்.

"கேட்டுட்டேன். 'அதே சாமிதான், ஆனா அந்தப் பேரு இல்ல'ங்குது. அந்தச் சாமிக்கு ஆயிரம் பேர் இருக்கும்மா, நான் எங்க போவேன்னேன். ஒடனே அஞ்சு வெரலைக் காட்டி, இந்தக் கையில ஒரு வெரலைக் காட்டுது. ஆறு பார்சல் இல்லம்மா, ஒண்ணுதான் வந்திருக்குன்னேன். அதுக்கு மூஞ்சியைத் தொட்டுத் தொட்டுக் காட்டுது. வேர்க்குதாம்மான்னு கேட்டேன்."

அவர் அதை அப்படியே நடித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அட்டை கேட்டீர்களா என்று மட்டும் கேட்டார். அட்டை எல்லாம் மகள் ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக்குப் பதியக் கொண்டுபோயிருக்கிறாளாம். அவிய எங்கே என்றால் ஊரில் இல்லை என்று சொன்னதாம். தாளில் "பேர் பொருந்தவில்லை" என்று எழுதிப் பார்சலைக் கொண்டு வந்துவிட்டார். "சொந்தப் பேரு பேச்சியம்மாளாம் சார். பேச்சு ஒண்ணும் வரல" என்று கடைசியாக ஒரு போடு போட்டார்.

நான் நூற்று இருபத்தஞ்சு அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் விரலைக் காட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அஞ்சும் ஒன்றும் ஆறு. பொறவு முகம். அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பேர் அதுதான் இருக்கும். நானும் என் வீட்டுக்காரர் பேரை இன்றைக்கு வரைக்கும் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையைத்தான் நீட்டுவேன். ஆனால் அத்தனை ஆம்பளைகள் சிரித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் போய், அது அப்படியில்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்தால் வண்டிகள் கிளம்பிவிட்டன.

செவ்வாய்க்கிழமை வேறு ஆள் அந்தத் தெருவுக்குப் போனார். "வீடு பூட்டு" என்று வந்தது. புதன்கிழமை பார்சலை வெளியே எடுக்கவே இல்லை. இரண்டு முறை திரும்பி வந்ததாலும், ஒரு முறை பேர் பொருந்தாததாலும், அனுப்பியவருக்கே திருப்புகிற மூட்டையில் போட்டுக் கட்டிவிட்டார்கள். அந்த மூட்டை நாலு மணி வண்டியில் மதுரைக்குப் போகும்.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு போன் வந்தது. எடுத்து வணக்கம் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சில்லை. எனக்கும் தாளில் இருக்கிறதைத் தவிர வேறு பேச்சு வராது.

"பார்சல்…" என்று ஒரு குரல்.

"யார் பேருக்கும்மா?"

மறுபடி பேச்சில்லை.

"அஞ்சு விரலும் ஒரு விரலும் காட்டினது நீங்கதானா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா." அழப்போகிற குரல். "நேத்து வந்தப்ப வீடு பூட்டுன்னு எழுதிட்டாவன்னு மக போன்ல வந்துச்சாம். கொழாயில தண்ணி வந்துச்சு, ரெண்டு கொடம் எடுத்துட்டு வந்துட்டேன். அதுக்குள்ள வந்து போயிட்டாவ. இன்னிக்கு அதுக்கும் போகல. மக மில்லுக்குப் போறா, உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாவ. அவதான் இன்னிக்குப் போனை எங்கிட்டக் குடுத்துட்டுப் போனா. நான் வாசல்லயே இருக்கேம்மா, எப்ப வருவாவ?"

"என்ன சாமான்மா அது?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவியளுக்கு வயித்துல ஆப்பரேசன் பண்ணியிருக்கு. வயித்து மேல ஒரு பை மாட்டணும். எல்லாம் அதுலதான் வரும். அவிய அளவுக்கு இங்க கடையில கெடைக்கல, மெட்ராசிலருந்துதான் வரணும். ஞாயித்துக்கெழம பையெல்லாம் தீந்துபோச்சு. துணியைக் கட்டிக்கிட்டு ரூமுக்குள்ளயே கெடக்காவ. வாடை வருதுன்னு வெளியவே வரமாட்டேங்காவ. ஊர்ல இல்லன்னு சொல்லச் சொல்லிட்டாவ. வெள்ளிக்கெழம மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்காரவ வரும்போது தகப்பன் சபையில இல்லன்னா நான் என்ன சொல்லுவேன்?"

பக்கத்து வீட்டில் யாரையாவது விட்டுப் பேரைச் சொல்லச் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. அது என்ன பார்சல் என்று அவர்கள் கேட்பார்கள், அதற்குத்தான் பயந்திருப்பாள்.

இருங்கம்மா என்று சொல்லி வைத்துவிட்டுச் சார் மேஜைக்குப் போனேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பேர் பொருந்தாத பார்சல் சார். எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்."

"என்ன தெரியும்?"

"அஞ்சும் ஒண்ணும் ஆறு சார். அப்புறம் முகம். வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டாங்க சார், அதான்."

பேனாவை வைத்துவிட்டார். "ஏன் அன்னிக்கே சொல்லலை?"

"எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

தாளைத் தட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கை தாளுக்குப் போகவே இல்லை. "ஆமா, நானும் சிரிச்சேன்" என்றார். பொறவு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நிச்சயத்தையும் சொன்னேன். எழுந்துவிட்டார்.

கட்டின மூட்டையை இங்கே பிரிக்கக் கூடாது, மதுரையில்தான் பிரிக்க வேண்டும். மூட்டை வாயை இரண்டு மடிப்பு மடித்து, நம்பர் போட்ட பிளாஸ்டிக் முத்திரையை இழுத்து மாட்டி, அந்த நம்பரை நோட்டில் எழுதியிருப்பார்கள். பிரித்தே ஆக வேண்டும் என்றால் மேனேஜர் காரணம் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. சார் கட்டிங் பிளேயரை எடுத்து முத்திரையை வெட்டினார். வெட்டின துண்டைத் தூரப்போடவில்லை, நோட்டிலேயே டேப் போட்டு ஒட்டினார். முப்பத்தி ஒரு பார்சலையும் வெளியே எடுத்து, பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்து, அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கினார். மற்றதை அடுக்கிப் புது முத்திரை போட்டு, பழைய நம்பருக்குக் கீழே புது நம்பரை எழுதினார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவர் ஒரு எண்ணைக்கூட அவசரமாக எழுதவில்லை. காரணம் என்கிற இடத்தில் அவர் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். "அலுவலகத் தவறு." அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். இரண்டாவது கையெழுத்து என்னைப் போடச் சொன்னார். சம்பள நோட்டைத் தவிர நான் ஆபீசில் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

வண்டி ஆட்கள் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். "நீங்களே கொண்டுபோங்க" என்றார் சார். "விதியை நான் மாத்த முடியாது. பேரை அவங்கதான் சொல்லணும். எப்படிக் கேக்கணும்னு எங்க எல்லாரையும் விட உங்களுக்குத் தெரியும்."

வில்லிபுத்தூர் பஸ் பிடித்தேன். இறங்கிக் கேட்டுக் கேட்டுப் போனால், கோயிலுக்கு மேற்கே ஒரு சின்னத் தெரு. தூரத்திலேயே வீடு தெரிந்துவிட்டது. ஒரு அம்மா வாசல்படியில் உட்கார்ந்து தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையில் பெட்டியைப் பார்த்ததும் எழுந்தவள், பக்கத்து வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

வீட்டுக்குள் பினாயில் வாசனை. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. நான் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "பேரைக் கேட்டுத்தாம்மா குடுக்கணும்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "நானும் சொன்னதில்ல. அதனால ஒங்களைச் சொல்லச் சொல்லல" என்றேன். "எழுதிக் காட்டுவீங்களா?"

"எழுத்து தெரியாதும்மா."

"அப்போ அவியளையே கேக்கலாம்."

அவள் உள்ளறைக் கதவைப் பார்த்தாள். போய்க் கதவில் கையை வைத்து, மெதுவாக, "ஏங்க. பார்சல் வந்திருக்கு. பொம்பளையாள்தான் கொண்டாந்திருக்காவ. ஒங்க பேரைச் சொல்லணுமாம்" என்றாள்.

கட்டில் கிறீச்சிட்டது. பொறவு கதவுக்கு அந்தப் பக்கம் மிகக் கிட்டத்திலிருந்து ஒரு ஆம்பளைக் குரல், "ஆறுமுகம்" என்றது. மூச்சு விட்டு, "எஸ். ஆறுமுகம்" என்று இனிஷியலோடு இன்னொரு முறை சொன்னது. தறிப் பட்டறையில் வேலை பார்த்தவராம். அங்கே பேர் கூப்பிடும்போது அப்படித்தான் சொல்லியிருப்பார்.

கதவு ஒரு கை அகலம் திறந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாளையும் பேனாவையும் நீட்டினேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெட்டியை உள்ளே வாங்கிக்கொண்டார். கதவு சாத்துமுன், "வெயில்ல வந்திருக்காவ, மோர் குடு" என்று அவளிடம் சொன்னது கேட்டது.

மோர் கொடுத்தாள். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம். திங்கட்கிழமையே எனக்குத் தெரியும், நான் வாய் திறந்திருந்தால் உங்களுக்கு இந்த இரண்டு நாள் மிச்சம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சாரிடம் சொன்னதைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் திட்டவில்லை. "நீங்க போய் ஆம்பளையளுக்கு நடுவுல எப்படிம்மா சொல்லுவீங்க?" என்றாள். அதை இன்றைக்கு நினைத்தாலும் கண்ணில் தண்ணீர் வரும். வெள்ளிக்கிழமை அவசியம் வர வேண்டும் என்று சொன்னாள். சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலையில் சார் பலகையில் இருந்த விதிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதினார். "சில அம்மாமார் வீட்டுக்காரர் பேரைச் சொல்ல மாட்டார்கள். எழுதிக் காட்டச் சொல்லவும், அல்லது வீட்டில் வேறு யாரையாவது சொல்லச் சொல்லவும், பொறுமையாக." பால்பாண்டி அதைப் படித்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "யக்கா, எங்கம்மாவும் எங்கப்பா பேரைச் சொல்லாதுக்கா. எனக்கு ஏன்க்கா அது தோணல?" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் யாரையும் நடித்துக் காட்டவில்லை.

அதற்குப் பொறவு யாராவது ஒருத்தர் பார்சல் விஷயமாகக் கேலி பேசினால், சார் சிரிக்கிறதற்கு முன்னால் ஒரு முறை என் பக்கம் திரும்பிப் பார்ப்பார். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்கிற மாதிரி. பல நாள் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சில நாள் இருந்தது, சொன்னேன். கூட்ட வந்த ஒருத்தியை இப்படி மதித்துத் திரும்பிப் பார்த்த மனுஷருக்கு நான் நன்றி சொன்னதே இல்லை. அவர் மாற்றலாகிப் போன அன்றைக்கும் வாய் வரவில்லை. அதைத்தான் இந்தப் புத்தகத்தில் எழுதுகிறேன். அவர் எங்கே இருந்தாலும் யாராவது வாசித்துக் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை நான் நிச்சயத்துக்குப் போகவில்லை. கூச்சம்தான். எந்தச் சொந்தம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஆனால் மனசெல்லாம் அங்கேதான் இருந்தது. பை சரியான அளவுதானா, அவர் வெளியே வந்தாரா என்று நினைத்து நினைத்து, இரண்டு பார்சலை அடுக்கு மாற்றிப் போட்டுவிட்டேன். பால்பாண்டிக்கு அன்றைக்கு அதே தெருவில் ஒரு பார்சல் இருந்தது. மூன்று மணிக்கு வந்து வண்டியை நிறுத்தினார். நான் கேட்கவில்லை, ஆனால் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டேன்.

"யக்கா, ஆறுமுகம் அண்ணாச்சி வாசல்லதான் நிக்காரு" என்றார். "பட்டு வேட்டி, சட்டையை வெளிய விட்டிருக்காரு. வாரவுகளை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ள அனுப்புதாரு. நான் அடுத்த வீட்டுல குடுத்துட்டு வாரேன், என் கையைப் புடிச்சு நிறுத்திட்டாரு. தம்பி, ஒங்க பேரென்னன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சொன்னேன். ஒடனே உள்ள திரும்பி, 'ஏட்டி, பால்பாண்டிக்கு ஒரு எலை போடு'ன்னுட்டாரு."

சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். பாயசம் இரண்டு தடவை வாங்கினாராம்.